ஆப்பச்சோடா மகாத்மியம்

வா மக்கா, இப்படி உக்காரு. என்னலே மூஞ்சி தொங்கிப்போய்க் கெடக்கு? வேலை போயிட்டா? இல்ல. பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அவ அம்மை வீட்டுக்குப் போயிட்டாளா? அதுவும் இல்ல. பொறவு என்னதாம்லே ஆச்சு? கடல்மீன் தொட்டித் தண்ணியில ஆல்கலினிட்டி நேத்து 8.3 இருந்துச்சு, இன்னைக்கு 8.1 ஆயிட்டு. அதுக்கா காலையில இருந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்காம உக்காந்திருக்க?

நல்லா இருக்குலே உன் கூத்து. காணாமப் போன அந்த பாயிண்டு ரெண்டு எங்க போச்சுன்னு தேடுதியே, அது உன் சோதனைக் குப்பியில ஒரு சொட்டு முன்னப்பின்ன விழுந்ததுல போயிருக்கும். அதுக்குப் போயி ஒரு மூடி மருந்து ஊத்தின. சாயங்காலம் அளந்தா 8.9. ஐயையோ ஏறிப்போச்சுன்னு பாதித் தண்ணியை எறச்சுக் கொட்டின. இப்ப அந்த ரெண்டு நிமோ மீனும் மூலையில ஒதுங்கி உன்னையே மொறச்சுப் பாக்குதுக. மொறைக்காம என்ன செய்யும்? தண்ணி கெட்டதுன்னால அதுகளுக்கு ஒரு சங்கடமும் இல்ல. நீ சும்மா இருக்க மாட்டேங்குதியே, அதுதான் சங்கடம்.

நான் பெரிய படிப்புப் படிச்சவன் இல்ல. தூத்துக்குடி உப்பளத்துல கணக்கப்பிள்ளை வேலை பாத்தவன். ஆனா கடல் தண்ணிக்குள்ள என்னென்ன ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும். வெயில்ல நின்னு ஒண்ணொண்ணா அது வெளிய வாரதைப் பாத்திருக்கேன். உப்புத் தண்ணியோட அடர்த்தியை அளக்குத போமே கணக்குல கடல் தண்ணி மூணு, மூணரை டிகிரி இருக்கும். அதைப் பாத்தி பாத்தியா மாத்தி மாத்திக் காய வைப்போம். மொதல்ல கீழ படியுதது எது, சொல்லு பாப்போம். உப்பா? இல்லலே. சுண்ணாம்பு. அதுக்குப் பொறவு ஜிப்சம். 25 டிகிரிக்குப் பக்கத்துல வந்தாத்தான் நம்ம சோத்துல போடுத உப்பு பூக்கும். 29, 30ன்னு தாண்டிட்டா மிஞ்சுத தண்ணியில மக்னீசியம் கூடிக் கசக்கும். அதை வடிச்சு விட்ருவோம்.

எதுக்கு இந்தப் பழங்கதைன்னு பாக்கியா? கடல் தண்ணி மொதல்ல கைவிடுத சரக்கு சுண்ணாம்புதான். நீ தொட்டிக்கு முன்னால குத்தவச்சுக் காவல் காக்குதது அந்தச் சரக்கைத்தான். அதுல ஒரு பாதி கால்சியம். இன்னொரு பாதி கார்பனேட்டும் பைகார்பனேட்டும். அந்த இன்னொரு பாதியைத்தான் ஆல்கலினிட்டின்னு அளக்காங்க. எவ்வளவு அமிலத்தை ஊத்தினா இந்தத் தண்ணி தாங்கும், எங்க போயி கையை விரிக்கும்? அம்புட்டுதான் அந்த அளவு. அதுக்கு டி.கே.எச்.னு ஒரு பேரு. கடல்ல அது ஏழு, ஏழரை இருக்கும். வீட்டுத் தொட்டிக்காரங்க ஏழுல இருந்து ஒம்பதுக்குள்ள எங்கயாவது ஒரு எடத்துல வச்சுக்கிடுதாங்க. இதுல மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல.

ஆனா நீங்க சும்மா விடுவியளா? ஒருத்தன் எட்டுங்கான். இன்னொருத்தன் ஒம்பதுங்கான். அடுத்தவன், பதினொண்ணுல வச்சாத்தான் பவளம் வெரசா வளருங்கான். வளரும்தான், இல்லங்கல. ஆனா தண்ணியில மீன் கழிவுச் சத்தே இல்லாம வடிச்சு வடிச்சுச் சுத்தமா வச்சுக்கிட்டு, அதோட ஆல்கலினிட்டியையும் ஏத்தினா, வளருத நுனி எரிஞ்சு வெளுத்துப் போகும். அதைப் பாத்து, ஐயோ சத்துக் கொறைவுன்னு இன்னொரு புட்டி வாங்குவான். கடைக்காரன் பிள்ளை காலேஜு படிக்க வேண்டாமா?

சரி, அதை விடு. இந்தத் தொட்டியில யாருலே இருக்கா? ரெண்டு நிமோ. ஒரு இறால். காளான்னு சொல்லுத மெத்துப் பவளம் நாலு. பச்சையா விரிஞ்சு கெடக்குத ஸ்டார் பாலிப் ஒரு கொத்து. மூலையில கொஞ்சம் சோவாந்திட். இவுகள்ல கல்லுக்கூடு கட்டுத சாதி யாரு? ஒருத்தரும் இல்ல. கண்ணாடியில ரோஸ் கலர்ல படருத பாசி மட்டும் கொஞ்சம் சுண்ணாம்பு திங்கும். மீன் கழிவு நைட்ரேட்டா மாறும்போது கொஞ்சம் ஆல்கலினிட்டியைக் கொறைக்கும். அம்புட்டுதான் உன் வீட்டுச் செலவு. அதுக்கு மருந்தைத் தானா அளந்து ஊத்துத நாலு தலை வச்ச டோசிங் பம்ப் ஒண்ணு, நாளுக்கு நாலு வாட்டி தானா அளந்து செல்லுக்குச் சேதி அனுப்புத மிசின் ஒண்ணு. இல்ல, தெரியாமத்தான் கேக்கேன், குடிக்க ஆள் இல்லாத எடத்துல எதுக்குலே தண்ணிப்பந்தல்?

அன்னைக்குக் கல்யாண வீட்டுப் பந்தியில நீ செஞ்சதையும் பாத்தேன். எலையில பாயசம் ஊத்திட்டுப் போறான். அது கரையத் தாண்டி வேட்டிப் பக்கமா ஓடுது. நீ செல்லுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு ஏதோ கோடு ஏறுது, எறங்குதுன்னு பாத்துக்கிட்டிருக்க. என்னலேன்னு கேட்டா, 'தாத்தா, ஆல்க் டிரெண்டு'ங்க. பக்கத்துல இருந்த பெரியவர் உனக்கு ஆஸ்பத்திரியில யாரோ சொந்தக்காரர் கெடையாக் கெடக்கார்னு நெனச்சு விசாரிச்சாரு பாரு, அதுதாம்லே எனக்குத் தாங்கல.

இந்த மிசினை அமெரிக்காக்காரன் வச்சிருக்கான், ஜெர்மனிக்காரன் வச்சிருக்கான்னு சொல்லுவ. வைக்கட்டும். அவன் தொட்டியில அக்ரோபோரான்னு கல்லுப் பவளம் கொப்பு கொப்பா நிக்கும். அது ராவும் பகலும் கூடு கட்டும். நாளுக்கு ஒரு டி.கே.எச்., ரெண்டு டி.கே.எச். கூட இழுத்துரும். அவனுக்கு மிசின் வேணும். நம்ம நாட்டுல கல்லுப் பவளத்து மேல கை வைக்க முடியுமா? 2001லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல அதை மொத அட்டவணையில சேத்துட்டாங்க. புலிக்கு எந்த அட்டவணையோ, பவளத்துக்கும் அதே அட்டவணை. ஆக, புலியே இல்லாத வீட்டுல புலிக்கூண்டுக்கு மாசத் தவணை கட்டிக்கிட்டு இருக்க. புரியுதா?

புரியலைன்னா ஒரு சோலி பண்ணு. மூணு நாளைக்கு எந்தப் புட்டியையும் தொடாத. பம்பை நிப்பாட்டு. நாளும் ஒரே நேரத்துல அளந்து ஒரு நோட்டுல எழுது. ஒரே நேரம்னா ஒரே நேரம்தான். பகல்ல இழுக்குத வேகம் வேற, ராத்திரி இழுக்குத வேகம் வேற. இன்னைக்குக் காலையிலயும் நாளைக்குச் சாயங்காலமும் அளந்துட்டு ரெண்டுக்கும் வித்தியாசம் பாத்தா அது கணக்கே இல்ல. மூணு நாள்ல மொத்தம் எம்புட்டு கொறையுதோ, அதை மூணால வகுத்தா அதுதான் உன் தொட்டியோட ஒரு நாள் செலவு. உன் தொட்டியில அது ஒண்ணும் இருக்காதுன்னு நான் சொல்லுதேன். வாரம் பத்துல ஒரு பங்கு தண்ணி மாத்துதியே, அந்தப் புதுத் தண்ணியிலயே செலவானது திரும்பி வந்துரும்.

ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு பெரியவுக சும்மாவா சொன்னாங்க? இப்ப நீங்க என்ன பண்ணுதிய? போட்டுட்டு அளக்கிய. அளந்துட்டுப் பயப்படுதிய. பயந்துட்டு மறுபடியும் போடுதிய.

இதுல ஒரு விசயம் மட்டும் கவனமாக் கேளு. கால்சியத்தைப் பத்தி யாரும் இப்படிப் பதறுதது இல்ல, ஆல்கலினிட்டிக்குத்தான் பதறுதாங்க. ஏன்? கடல் தண்ணியில கால்சியம் லிட்டருக்கு 400, 420 மில்லிகிராம் இருக்கு. பவளம் கூடு கட்டுதப்போ ரெண்டையும் சோடியாத்தான் எடுக்கும். 2.8 டி.கே.எச். எறங்கினா, கூடவே கால்சியம் 20 எறங்கும். வீட்டுல கால்சியம் குதிர் நெறைய நெல்லு. ஆல்கலினிட்டி அஞ்சறைப் பெட்டியில ஒரு குழி. ரெண்டுல இருந்தும் ஒரே கை அள்ளினா எது மொதல்ல தட்டும்? குதிர்ல அள்ளின தடமே தெரியாது. அதனாலதான் ஆல்கலினிட்டியை அளந்தாப் போதும், மத்ததை மாசம் ஒருதரம் எட்டிப் பாத்தாப் போதும்னு வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுதாங்க. அளக்காதன்னு நான் சொல்லவே இல்லலே. அளந்துட்டு அமைதியா இருன்னுதான் சொல்லுதேன்.

இனி மெய்யாவே கொறைஞ்சுட்டுன்னு வையி. என்ன ஊத்துவ? 'ரீஃப் பில்டர்', 'பஃபர் பிளஸ்'னு ஏதோ பவிசுப் பேரு ஒட்டின டப்பாவைத் தூக்கிக்கிட்டு வருவ. மூடியைத் தொறந்து உள்ள இருக்கதைப் பாரு. பாதி டப்பாவுல நம்ம வீட்டு ஆப்பச்சோடாதான் இருக்கும். சோடியம் பைகார்பனேட். உங்க ஆத்தா ஆப்பமாவுல போடுவாளே, அதேதான். நான் சொன்னா நம்ப மாட்ட. அமெரிக்காவுல ராண்டி ஹோம்ஸ் ஃபார்லின்னு ஒரு ரசாயன மேதை இருக்காரு, உங்க கூட்டத்துக்கே அவரு சொன்னா வேதவாக்கு. அவரே சமையல் சோடாவையும் கால்சியம் குளோரைடையும் வச்சு வீட்டுலயே கலக்கிக்கிடுங்கன்னு கணக்குப் போட்டு எழுதி வச்சிருக்காரு. வெள்ளைக்காரன் சொன்னா வேதம், கெழவன் சொன்னா வீம்பு.

கணக்கையும் எழுதிக்கோ. 100 லிட்டர் தண்ணிக்கு ஒரு டி.கே.எச். ஏத்த மூணு கிராம் ஆப்பச்சோடா. உன் தொட்டி 200 லிட்டருன்னா ஆறு கிராம். ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல. நல்ல தண்ணியில கரைச்சு, தண்ணி சுழலுத எடத்துல மெதுவா ஊத்து. ஒரு நாளைக்கு ஒரு டி.கே.எச்.க்கு மேல ஏத்தாத. ஆறுக்கு எறங்கிட்டுன்னா இன்னைக்கே எட்டுக்குக் கொண்டுபோயி நிறுத்தணும்னு நிக்காத. எறங்கினதே மெதுவாத்தான் எறங்கியிருக்கும், ஏறுததும் மெதுவா ஏறட்டும். அப்புறம், ஆப்பச்சோடான்னு சொன்னேன், பேக்கிங் பவுடர்னு சொல்லல. அதுல புளிப்புச் சரக்கும் மாவும் கலந்திருக்கும். கேக்குக்குப் போடுததைத் தொட்டியில போட்டுட்டு வந்து நிக்காத.

கால்சியமும் சேத்து ஊத்தணும்னா, ரெண்டு கரைசலையும் ஒரே குவளையில கலக்கிராத. கலக்கினா கண்ணு முன்னாலயே வெள்ளையாத் திரிஞ்சு போகும். உப்பளத்து மொதப் பாத்தியை வீட்டுக்குள்ள கொண்டுவந்த கதைதான். நடுவுல கொஞ்ச நேரம் விடு. மக்னீசியம் 1300க்குப் பக்கத்துல இருக்கான்னு ஒரு தரம் பாத்துக்கோ. அது இருந்தாத்தான் கால்சியமும் கார்பனேட்டும் தண்ணிக்குள்ளயே கூடித் தரையில படியாம இருக்கும். அது கொறைஞ்ச தொட்டியில நீ எம்புட்டு ஊத்தினாலும் ஹீட்டர் மேலயும் மோட்டார் மேலயும் வெள்ளைப் பூச்சாப் போயி ஒட்டும். அளவு ஏறாது. நீ இன்னும் ஊத்துவ.

இப்ப அந்தக் கால்க்வாசர் சங்கதிக்கு வாரேன். ஜெர்மன் பேரு, பளபளன்னு டப்பா, ஆனவெலை. உள்ள என்ன? நீத்துன சுண்ணாம்பு. தண்ணியில கலக்கி, தெளிய வச்சு, மேல நிக்குத தெளிவை ராத்திரியில சொட்டுச் சொட்டா விடுதது. 1970கள்ல பீட்டர் வில்கன்ஸ்னு ஒருத்தரு ஐரோப்பாவுல பரப்பிவிட்ட வித்தை. நல்ல வித்தைதான், கொறை சொல்லல. கால்சியமும் ஆல்கலினிட்டியும் பவளத்துக்கு வேணும்கிற அளவுலயே சோடியாப் போகும். தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி ஒரு லிட்டர் விட்டா, 200 லிட்டர்த் தொட்டியில அரை டி.கே.எச்.க்குக் கொஞ்சம் கூடுதலா ஏறும். கூடவே கால்சியம் நாலு ஏறும். வெந்நியில போட்டா நல்லாக் கரையும்னு புத்திசாலித்தனம் பண்ணாத. சுண்ணாம்பு சூட்டுல கொறையத்தான் கரையும்.

ஆனா இதைக் கேக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துருது மக்கா. ஏன்னு சொல்லுதேன். எங்க ஊருக் கடல்ல, தூத்துக்குடியில இருந்து பாம்பன் வரைக்கும் 21 தீவு. ஒவ்வொரு தீவைச் சுத்தியும் பவளப் பாரு. ஒரு காலத்துல அந்தப் பாரைக் கடப்பாறையால பேத்து, வள்ளத்துல ஏத்திக் கரைக்குக் கொண்டுவந்து, காளவாசல்ல போட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினாங்க. வீடு கட்ட, வெள்ளையடிக்க, ஆலைக்குன்னு வண்டி வண்டியாப் போச்சு. 1986ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. அதுக்குப் பொறவும் திருட்டுத்தனமா வெட்டினாங்க. பாரு போன எடத்துல அலை நேரா வந்து தீவை அறுத்துச்சு. பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணிக்குள்ள போயிட்டு. தூத்துக்குடிக்கு நேரா நிக்குத வான் தீவு தேஞ்சு சுருங்கிப் போயி, காங்கிரீட்டுல செயற்கைப் பாரு செஞ்சு எறக்கி அதைக் காப்பாத்த வேண்டியதாச்சு.

பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினவன் பேரன், இப்பச் சுண்ணாம்பைக் கரைச்சு ஊத்திப் பவளம் வளக்கப் பாக்கான். அந்தச் சுண்ணாம்பு காத்துல இருக்க கரியமில வாயுவைத் தின்னு திரும்பவும் கல்லாவே ஆகும். கணக்கு நேராயிட்டுல்லா? நேராகல. ஒரு ஆயுசுல பேத்ததை ஒரு தொட்டியில நேராக்க முடியாது. அதனால ஊருக்கு வாரப்போ ஞாபகார்த்தமா ஒரு துண்டுப் பவளக்கல்லு, 'லைவ் ராக்'னு சொல்லி நாலு கல்லுன்னு பையில போட்டுக்கிட்டுப் போவலாம்னு நெனச்சியானா, வனத்துறைக்காரன் பிடிக்கதுக்கு முன்னால நானே சொல்லிக் குடுத்துருவேன். சுட்டு வார்த்த செயற்கைக் கல்லு கெடைக்கி. அதை வாங்கு.

இன்னொண்ணு, வெத்தலைக் கடைச் சுண்ணாம்பை அள்ளிக்கிட்டுப் போயித் தொட்டியில கலக்காத. அதுல என்னென்ன கலப்புன்னு அந்தக் கடைக்காரனுக்கே தெரியாது. சுத்தமானதை வாங்கு, அளந்து கரை, கண்ணுல படாமப் பாத்துக்கோ. அந்தத் தெளிவோட பி.எச். பன்னெண்டுக்கு மேல. ராத்திரி சொட்டு விடுத வால்வு சிக்கிக்கிட்டு மொத்தமும் எறங்கிட்டுன்னா, காலையில தொட்டி பால்குடம் ஆயிரும். மீனைத் தேடுதது கஷ்டம். கெடைச்சாலும் பிரயோசனம் இல்ல.

பி.எச்.னு சொன்னதும் ஞாபகம் வருது. இது பெரிய வேடிக்கை. ஆல்கலினிட்டி எட்டரை இருக்கு, பி.எச். 7.8 தான் இருக்கு, என்ன ஊத்தலாம்னு கேக்க. நான் என்ன சொல்லணும்? சன்னலைத் தொறலே! மெட்ராசுச் சூட்டுக்குத் தொட்டியை 26 டிகிரியில வைக்கணும்னு சில்லர் போட்ட. அந்தச் சில்லர் கக்குத சூட்டுக்கு ஏ.சி. போட்ட. ஏ.சி. போட்டதுக்கு எல்லாச் சன்னலையும் பூட்டின. உள்ள நாலு பேரு, ஒரு நாயி, எல்லாரும் மூச்சு விடுதிய. அந்தக் கரியமில வாயு எங்க போகும்? தண்ணிக்குள்ள போகும். பி.எச். எறங்கும். ஆல்கலினிட்டி இருந்த எடத்துலயேதான் இருக்கும். நீ பி.எச்.சைத் தூக்குதேன்னு சோடாவைக் கொட்டிக்கிட்டே இருந்தா ஆல்கலினிட்டி பன்னெண்டு, பதிமூணுன்னு போயி நிக்கும், பி.எச். அசையாது. கழிவை நொரையாப் பிரிக்குத ஸ்கிம்மருக்குப் போற காத்துக் கொழாயை வெளிச்சுவருக்கு அந்தப் பக்கம் நீட்டி விடு. காலையில ஒரு மணி நேரம் சன்னலைத் தொறந்து வையி. இதுக்குப் புட்டி விக்க முடியாது, அதனால உனக்கு ஒருத்தனும் சொல்லித் தர மாட்டான். ராத்திரி வெளக்கணைச்சதும் பி.எச். கொஞ்சம் எறங்கத்தான் செய்யும். கடலோரக் குட்டையிலயும் அப்படித்தான். அதுக்காக அர்த்தராத்திரி எந்திரிச்சுப் போயி அந்த நீல லைட்டைப் போட்டுக்கிட்டு உக்காராத. தெருவுல போறவன் பேய்ப் படம் ஓடுதுன்னு நெனைக்கான்.

ஆவியாப் போற தண்ணிக்கு எதை ஊத்துத? போர் தண்ணியா? அப்பச் சரி. உன் ஆல்கலினிட்டி ஏன் தானா ஏறுதுன்னு இப்பப் புரியுது. உங்க போர் தண்ணியில குளிச்சா சோப்பு நொரைக்காது, கொழாய் மூக்குல வெள்ளைப் பொருக்குக் கட்டும். அது என்னன்னு நெனச்ச? அதே சரக்குதான். ஆவியாப் போறது வெறும் தண்ணி. உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலயே நிக்கும். அதனால ஆர்.ஓ. தண்ணியை மட்டும் ஊத்து. சிலவன் ஆவியானதுக்கும் உப்புத்தண்ணியே ஊத்துதான். விட்டா அவன் வீட்டுலயே உப்பு வாரலாம்.

கலக்குத உப்புலயும் சூது இருக்கு. ஒரு கம்பெனி உப்பைக் கலக்கினா எட்டு வரும், இன்னொண்ணைக் கலக்கினா பன்னெண்டு வரும். தள்ளுபடியில கெடைச்சுதுன்னு உப்பை மாத்திட்டு, அதே கையோட பாதித் தண்ணியையும் மாத்தினா, நீ ஒரு புட்டியும் ஊத்தாமலே அளவு குதிக்கும். புது உப்பு மூட்டை தொறந்தா, மொத வாளியைக் கலக்கினதும் ஒரு தரம் அளந்துட்டு ஊத்து. சும்மா கடல்லயே மோந்துக்கிட்டு வரலாம்னு சில பேரு கேனைத் தூக்கிக்கிட்டுக் கெளம்புதாங்க. வரலாம், துட்டு மிச்சம். ஆனா கூவம் சேருத எடத்துல மோந்து எடுத்துட்டு மீன் செத்துட்டுன்னு கடலைத் திட்டாத. ஐப்பசி கார்த்திகையில அடைமழை பெஞ்சு முடிச்ச தண்ணியையும் எடுக்காத. உப்பு கொறைஞ்சு கெடக்கும்.

கடைசியா உன் சோதனைப் பெட்டியை எடு. அளக்கதை என் கண்ணு முன்னால செய்யி, பாப்போம். ஊசியில தண்ணியை இழுத்த, சரி. முனையில ஒரு காத்துக் குமிழி நிக்கே, தெரியலையா? அந்தக் குமிழி அளவுக்குத் தண்ணி கொறைவு. தட்டி வெளிய விடு. கலர் மருந்து நாலு சொட்டுன்னா நாலு சொட்டு. எண்ணும்போது செல்லு அடிச்சா எடுக்காத. அமிலத்தை ஒண்ணொண்ணா விடு. ஒவ்வொண்ணுக்கும் குப்பியை ஆட்டு. நீலப்பச்சை மங்கி ரோஸ் கலருக்குத் திரும்புத எடம் வருது பாரு, அந்த எடத்துல நிப்பாட்டு. ஒரு நாளு நல்லா ரத்தச் செவப்பாகட்டும்னு இன்னும் ரெண்டு சொட்டு விடுத, மறுநாளு லேசா ரோஸ் ஆனதும் நிப்பாட்டுத. பொறவு 8.3 எப்படி 8.1 ஆச்சுன்னு என்கிட்ட வந்து கேக்க.

அந்த மருந்து நெசத்தைத்தான் சொல்லுதான்னு தெரியணுமா? அதுக்கும் ஆப்பச்சோடாதான். 2.1 கிராம் எடுத்து ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணியில கரை. அதுல 100 மில்லியை எடுத்து, இன்னும் ஆர்.ஓ. தண்ணி சேத்து ஒரு லிட்டர் ஆக்கு. அதை அளந்தா ஏழு காட்டணும். ஏழு காட்டினா கிட்டு நல்ல கிட்டு. எட்டரை காட்டினா, இத்தனை நாளு நீ தூக்கம் கெட்டதெல்லாம் பொய்க் கணக்குக்கு. வெயில்ல கெடந்த மருந்து, மூடி சரியா மூடாத மருந்து, எல்லாம் இப்படித்தான் பொய் சொல்லும்.

அந்த டோசிங் பம்பை வித்துரு. பாதி வெலைக்குத்தான் போகும், போகட்டும். வாங்க வாரவன்கிட்ட அவன் தொட்டியில கூடு கட்டுதது எதுவும் இருக்கான்னு கேளு. இல்லைன்னா அவனையும் அனுப்பிரு, பாவம். வித்த துட்டுல நல்ல டெஸ்ட் கிட்டு ஒண்ணும், ஒரே கம்பெனி உப்பு ஒரு மூட்டையும் வாங்கிப் போடு. கிட்டு வாங்கும்போது தேதியைப் பாத்து வாங்கு. நீ கேக்கலைன்னா காலாவதி ஆனதைத்தான் மொதல்ல எடுத்துக் குடுப்பான்.